உடம்பு போட்டிருக்கு

ஏழாயிரம்பண்ணை
14.7.2003

தம்பி பாலகுருவுக்கு,

ஊர் வந்து சேந்துட்டேன். அதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி, வேற பாசத்துல எழுதலை. கோயம்புத்தூர்ல பஸ் ஏறினவ சாத்தூர்ல எறங்கினாளா, நடுவழியில செத்து விழுந்தாளான்னு ஒரு நெனப்பு ஒனக்கு இருக்குமில்ல, அதுக்காக.

சொல்லாமக் கொள்ளாம ஏன் வந்தேன்னு ஒனக்குத் தெரியாம இருக்காது. தெரியாட்டி இப்பத் தெரிஞ்சுக்க. ஒங்க ஆஸ்பத்திரியில நான் சைக்கிள் மிதிக்கிற அன்னைக்கெல்லாம் என் பேரு போட்ட அட்டைய நர்சம்மா மேசையில வைப்பாக. நாலு வாரமா நான் அதத் தொட்டதில்லை. போன வெள்ளிக்கெழமை கை சும்மா இருந்துச்சு, எடுத்து வாசிச்சேன். பேரு இருளம்மாள். வயசு நாப்பத்திமூணு. எடை முப்பத்தொம்பது கிலோ. நோயி, இருதயத் தசை பலவீனம். அழைத்து வந்தவர், பாலகுரு. உறவுன்னு போட்டு அதுக்கு நேரா ஒன் கையெழுத்துல ‘தெரிந்தவர்’.

ஏலே, நான் ஒனக்குத் தெரிஞ்சவளா? ஆத்தா சாகையில ஒனக்கு நாலு வயசு, எனக்குப் பதினாறு. ஒன்னை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் கம்பெனிக்குப் போனேன். நீ வெடிமருந்து ரூமு பக்கம் ஓடிப் போயிராம ஒரு கண்ணு ஒம்மேல, ஒரு கண்ணு நான் பின்னுற வெடிச்சரத்து மேல. முப்பத்திமூணு வயசுல அறிவொளி வகுப்புல போயி ஒக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சேனே, எதுக்கு? ஹாஸ்டல்ல இருந்து நீ எழுதுற கடுதாசிய அடுத்தவக கையில குடுத்து வாசிக்கச் சொல்ல வெக்கப்பட்டு. அந்தப் படிப்பு கடைசியில ‘தெரிந்தவர்’னு வாசிக்க ஒதவுச்சு.

‘வீட்டுல எடம் பத்தாதுக்கா’ன்னு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ரூமு பிடிச்சுக் குடுத்தியே, அதுக்கும் இப்ப அர்த்தம் வெளங்குது.

அடுத்த வீட்டு வெள்ளைத்தாய் வீட்டு போனுக்குக் கூப்பிடாத. கூப்பிட்டா நான் வர மாட்டேன். மாத்திரை இன்னும் இருவது நாளைக்கு இருக்கு.

ஒனக்குத் தெரிஞ்சவ,
இருளம்மாள்


கோயம்புத்தூர்
19.7.2003

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. நீங்கள் நல்லபடியாக ஊர் சேர்ந்தது அறிந்து நிம்மதி. அன்று மாலை ரூமைத் திறந்து பார்த்தபோது பை இல்லை. நான் சிங்காநல்லூர் பஸ் நிலையம் வரை ஓடினேன். அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

அட்டையில் அப்படி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் மிதித்த சைக்கிள் சாதாரண சிகிச்சை இல்லை. இருதயம் பலவீனமானவர்களுக்கு உடற்பயிற்சி கொடுத்தால் உடம்பு சக்தியை உண்டாக்கும் விதம் மாறுகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. பயிற்சி, ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். ஊழியர்களின் ரத்த சொந்தத்தைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. நான் அங்கே டெக்னீஷியன். அக்கா என்று எழுதியிருந்தால் உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்புதான்.

பன்னிரண்டு வாரத்தில் நான்கு வாரம்தான் முடிந்திருக்கிறது. திரும்பி வர மாட்டீர்கள் என்று தெரியும். வீட்டிலேயே செய்யுங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் நடக்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து பத்து முறை எழுந்திருக்க வேண்டும். உப்பைக் குறையுங்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். மாத்திரைகள் தீருமுன் அனுப்பிவைக்கிறேன்.

மச்சானுக்கும் மகள் பொன்மணிக்கும் என் அன்பு.

தங்கள் தம்பி,
பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
2.8.2003

தம்பிக்கு,

மாத்திரைப் பார்சலும் கடுதாசியும் வந்துச்சு. என்னலே அது, ‘நீங்கள்’? பொறந்ததுல இருந்து ‘நீ, வா, போ’ன்னு கூப்பிட்ட பய. சண்டை போட்டதும் அக்கா ‘நீங்கள்’ ஆயிட்டாளாக்கும். கடன் சொசைட்டியில இருந்து வந்த நோட்டீஸ்னு நெனச்சுப் பயந்துபோயி மொதல்ல ஒம் மச்சான் கையிலதான் குடுத்தேன்.

நம்ம ஊருக்குப் புதுசாத் தபால்காரரு மாத்தலாகி வந்திருக்காரு. முத்துராமலிங்கம்னு பேரு, மானாமதுரைப் பக்கமாம். யாருக்கு யாரு என்ன ஒறவுன்னு அவருக்கு இன்னும் பிடிபடலை. ‘கோயம்புத்தூர்ல யாரும்மா ஒங்களுக்கு? பத்து நாளைக்குள்ள ரெண்டு தபால் வந்துருச்சு’ன்னு கேட்டாரு. ‘தெரிஞ்சவரு’ன்னு சொல்லிட்டேன். வாயி கூசலை. எழுதையில ஒனக்குக் கை கூசுச்சா?

விதி கிதியெல்லாம் எனக்கு வெளங்காது. சரி, நம்புறேன். நம்பாம என்ன செய்ய?

நடக்கச் சொல்லியிருக்க. நல்லாருக்கு. வேலைவெட்டி இல்லாம ஒரு பொம்பளை தெருவுல சும்மா நடந்தா ஊரு என்ன நெனைக்கும்? நடந்தா ஒரு எடத்துக்குப் போகணுமில்ல. அதனால இடுப்புல வெறுங்கொடத்த வச்சுக்கிட்டு நடக்கேன். யாரும் கேட்டா ஊருணிக்குத் தண்ணிக்குன்னு சொல்லிக்கலாம். ஊருணி எங்கன இருக்கு, நான் எங்கன போறேன்? மாரியம்மன் கோயில் முக்கு வரைக்கும் போயித் திரும்பிருவேன். வெள்ளைத்தாய் பாத்துட்டு, ‘என்னக்கா தெனமும் கொடம் போகுது, தண்ணி வரமாட்டேங்குது’ங்குறா.

பேசிக்கிட்டே நடக்கச் சொன்ன. யாருகிட்டப் பேச? ஒன்னைய வஞ்சுக்கிட்டே நடக்கேன். மூச்சு வாங்கினா வசவு நின்னுபோகும், நானும் நின்னுருவேன். இப்படியே போனா ஒனக்கு நல்லா வசவு சேந்துரும்.

ஒரு சந்தேகம். சீக்காளிய ஒக்காத்தி வச்சுக் கஞ்சி ஊத்துறதுதான் ஒலக வழக்கம். இருதயம் கெட்டவள எந்திரிச்சு நடங்குறீகளே, இது எந்த ஊரு நாயம்?

இருளம்மாள்


கோயம்புத்தூர்
10.8.2003

அக்கா,

நீ திட்டிக்கொண்டே நடப்பதைப் பெரிய டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பயிற்சியில் சேர்த்துவிடுவார்.

நீ கேட்டது நல்ல கேள்வி. நானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் கேட்டேன். இருதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாவிட்டால், நாளாக நாளாகக் கெட்டுப்போவது இருதயம் மட்டும் இல்லை. கால் சதையும் கெடுகிறது. சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள். ரத்தம் கொண்டுவரும் காற்றை வாங்கி, தின்ற சோற்றை எரித்துத் தெம்பாக்குவது அவைதான். படுத்தே கிடந்தால் அவை ஒவ்வொன்றாக அணைந்துவிடும். அதற்குப் பிறகு உடம்பு தன் சதையைத் தானே கரைத்துத் தின்னத் தொடங்கும். அறுபது கிலோ இருந்தவள் முப்பத்தொன்பதுக்கு வந்தது அப்படித்தான். தினமும் கொஞ்சம் வேலை கொடுத்தால் அடுப்புகள் மறுபடி பற்றும். வருகிற ரத்தம் அதே அளவுதான். ஆனால் கால் அதிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளப் பழகிவிடும். உனக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு ரப்பர் மூடி மாட்டி சைக்கிள் மிதிக்கவிட்டோமே, அது இதை அளக்கத்தான்.

இருதயம் இதனால் பெரிதாக மாறாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். ஜூன் கடைசியில் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் நீ இளநீர் குடித்துக்கொண்டிருந்தாய். பிரீத்திகா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். யார் இவர்கள் என்று கேட்டாள். ‘ஊரில் தெரிந்தவர்’ என்றேன். அங்கே எந்த விதியும் இல்லை. அவர்கள் விருதுநகரில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். எனக்கு நெருங்கிய சொந்தம் யாரும் இல்லை என்று சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். ரிஜிஸ்டர் கல்யாணம், அவசரமாக நடந்துவிட்டது, கூப்பிட முடியவில்லை என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

நீ இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் நடப்பதை மட்டும் நிறுத்தாதே.

பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
31.8.2003

பாலகுருவுக்கு,

வாசிச்சேன். ரெண்டு நாளு கொடத்தைத் தொடலை. சோறும் எறங்கலை. ‘என்ன எழுதியிருக்கான்’னு ஒம் மச்சான் கேட்டாரு. ‘கால் சதையப் பத்தி எழுதியிருக்கான்’னு பாதியத்தான் வாசிச்சுக் காட்டினேன். மீதிய வாசிச்சா அந்த மனுசன் வேனை எடுத்துக்கிட்டு அங்கனயே வந்துருவாரு. கம்பெனி வேனு, டீசல் கேப்பாக.

மூணாம் நாளு காலையில ஆத்திரத்தோட கொடத்த எடுத்துக்கிட்டுக் கெளம்பினேன். ஒன்னைய வஞ்சேன், ஒங் கல்யாணத்த வஞ்சேன், இளநீ வித்தவனையும் சேத்து வஞ்சேன். நிமுந்து பாத்தா ஊருணிக்கரையில நிக்கேன்! மூச்சு வாங்கலை. வசவு நிக்கலை. அங்கன ஒக்காந்து அழுதுட்டு, நெசமாவே கால் கொடம் தண்ணி மோந்துக்கிட்டு வந்தேன். வெள்ளைத்தாய் வாயில கைய வச்சுக்கிட்டா.

அன்னைல இருந்து தெனமும் ஊருணிதான். ‘அப்ப ஒங் காலு மானாவாரி நெலம்னு சொல்லு, பேஞ்ச மழையில வெளையப் பழகிக்கிருச்சு’ங்குறாரு ஒம் மச்சான். லோடு எடை போடுற தராசுல ஏத்திப் பாத்தாரு. நாப்பது கிலோ இருக்கேன்.

சீசன் ஆரம்பிச்சிருச்சு. தீபாவளிக்குப் போக வேண்டிய ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. பின்னத் தெரிஞ்ச ஆளு பத்தலைன்னு ஃபோர்மேன் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாரு. ஒக்காந்து பின்னுற வேலைதான, போகலாம்னு இருக்கேன். வீட்டுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் கெடக்க?

ஒன்னு கேக்கணும், ஒளிக்காமச் சொல்லு. இருதயம் மாறாதுன்னு எழுதியிருக்கியே. அப்ப எனக்கு எம்புட்டு நாளு? பொன்மணிக்குத் தை பொறந்தா இருவது. அவளுக்கு ஒரு எடம் பாக்குற வரைக்கும் இருப்பேனா, மாட்டேனா? நீ தெனமும் இந்தச் சீக்காளிகளப் பாக்குறவன். ஒனக்குத் தெரியும்.

ஒம் மேல கோவம் போகலை. அது பாட்டுக்கு இருக்கு.

அக்கா


கோயம்புத்தூர்
8.9.2003

அன்புள்ள அக்கா,

ஊருணி வரை நடந்தாய் என்று வாசித்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு பயிற்சி அறைக்கே போய்விட்டேன். யாரிடம் காட்டுவது? நீ மிதித்த சைக்கிளில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பெரிய டாக்டரிடம் பேசிவிட்டு விவரமாக எழுதுகிறேன். ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. அதையெல்லாம் இப்போது நினைத்துக் குழம்பாதே. நல்லதை நினை. பயிற்சி செய்கிறவர்களுக்குக் கரைந்த சதை மெல்லத் திரும்பி வரும். எடை கூடும், உடம்பு போடும். தராசில் ஏறிப் பார்த்துக்கொண்டே இரு. எடை கூடினால் உடனே எனக்கு எழுது.

வேலைக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். போனாலும் மாத்திரையை விடாதே. இத்துடன் இரண்டு மாதத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிரீத்திகாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன்.

உன் தம்பி,
பாலகுரு


ஏழாயிரம்பண்ணை
18.10.2003

ஏலே பாலகுரு,

நாப்பத்தஞ்சரை!

நம்ப மாட்டேல்ல? நானும் நம்பலை. நேத்து சீசன் முடிஞ்சு கம்பெனி அடைக்கிற நாளு. கடைசி லோடு ஏத்தி முடிச்சதும் தராசுல ஏறி நின்னேன். எடை போடுற மாரிசாமி முள்ளப் பாத்துட்டு, ‘எறங்குங்க மதினி, தராசு கிறுக்குப் பண்ணுது’ன்னு ரெண்டு தடவை எறக்கி ஏத்தினாரு. மூணு தடவையும் நாப்பத்தஞ்சரை. போன மாசக் கடைசியில நாப்பத்தொன்னுதான். மூணு வாரத்துல நாலரைக் கிலோ. நீ எழுதின மாதிரியே உடம்பு போட்டிருக்கு. எடை கூடினா உடனே எழுதுன்னியே, அதான் மறுநாளே எழுதுறேன்.

கம்பெனியில எல்லாப் பொம்பளைகளுக்கும் ஆச்சரியம். ‘இருளம்மாக்கா மொகத்துல என்ன இப்பிடி ஒரு மினுமினுப்பு’ங்குறாளுக. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுச் சாயிற நேரத்துல நான் ஷெட்டச் சுத்தி நடப்பேன். அப்பல்லாம் ‘பஸ்ஸ விட்டுட்டியாக்கா’ன்னு சிரிச்சவளுக, இப்ப ரெண்டு பேரு கூடவே நடக்காளுக. மெட்டி இறுகிப்போயி வெரல்ல இருந்து கழலவே மாட்டேங்குது. சோப்புத் தண்ணி போட்டும் முடியலை. கணுக்காலு நல்லாச் சதை வச்சிருச்சு, பொன்மணி அழுத்திப் பாத்தா, குழி விழுந்து மெல்ல ஏறுது. ‘எம்மா, பூரி மாவு மாதிரி இருக்கு’ன்னு சிரிக்கா. பழைய ஜாக்கெட்டு கை நொழையலை. தீபாவளிக்குப் புதுசு தைக்கக் குடுத்திருக்கு.

ஒரு குத்தம் சொல்லணும். அந்த நீர் மாத்திரைய வேலை நாளுல போடுறதில்லை. போட்டா மணிக்கு மூணு தடவை ஒன்னுக்கு வருது. கக்கூசு ரெண்டு ஷெட்டு தாண்டி இருக்கு, எந்திரிச்சுப் போகப் போக ஃபோர்மேன் மொறைக்காரு. எப்பவும் வேலை நாளுதான், அதனால ஒரு மாசமாப் போடலை. அது இல்லாமத்தான் உடம்பு இம்புட்டு தேறியிருக்கு. அதுதான் இத்தனை நாளும் சதையக் கரைச்சிருக்கும்போல. டாக்டர்கிட்டச் சொல்லி நிறுத்திரச் சொல்லு.

ஒரு வாரமா ஊருணிக்குப் போகையில மறுபடி மூச்சு வாங்குது. எடை கூடினவ அம்புட்டையும் சுமக்கணுமில்ல, அதான். படுத்தா இருமுது. வெடிமருந்துத் தூசியா இருக்கும். தலைக்கு ரெண்டு தலகாணி வச்சுச் சாஞ்சுக்கிட்டா சரியாப் போகுது.

தீபாவளிக்கு வாலே. நெசமாத்தான் கூப்பிடுறேன். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. அவகிட்ட என்னையத் தெரிஞ்சவன்னே சொல்லு, எனக்கு ஒன்னும் இல்லை. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல என்னையப் பாத்தப்ப எலும்பும் தோலுமா இருந்தேன், ஒனக்குச் சொல்லக் கூசியிருக்கும். இப்பப் பாக்க நல்லா இருக்கேன்.

ஒன் அக்கா,
இருளம்மாள்


தந்தி
கோயம்புத்தூர், 27.10.2003

கடிதம் இன்றுதான் பார்த்தேன். போன் கிடைக்கவில்லை. அது சதை இல்லை, நீர். நீர் மாத்திரையை உடனே போடு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. கிளம்பிவிட்டேன். பாலகுரு


விருதுநகர் ஆஸ்பத்திரி
6.11.2003

தம்பி,

நாலு நாளா நாலு நாலு வரியா எழுதுறேன். கையெழுத்து கோணும், பாத்துக்க.

நீ வந்து மூணு நாளு எங் கட்டிலுக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்த. நான் ஒரு வார்த்தை பேசலை. அக்காவுக்குப் பேச மூச்சு இல்லைன்னு நெனச்சிருப்ப. மூச்சு இருந்துச்சு. நீ தீபாவளிக்கு மாமியா வீட்டுக்கு, இதே விருதுநகருக்கு வந்து அஞ்சு நாளு இருந்துட்டுத்தான் போனேன்னு ஒம் மச்சான்கிட்ட மெல்லச் சொன்னது எங் காதுல விழுந்துச்சு. இங்கன இருந்து நம்ம ஊருக்கு எம்புட்டுத் தூரம்? ரெண்டு பஸ்சு. எங் கடுதாசி அங்கன பூட்டின வீட்டுல கெடந்திருக்கு, நீ இங்கன பலகாரம் தின்னுருக்க. அதான் பேசலை.

நீ லீவு முடிஞ்சு போனப்புறம், பேசியிருக்கலாமோன்னு கெடக்கேன்.

ஊசியப் போட்டு நீர எறக்குனாக. ஆறு நாளுல எட்டுக் கிலோ ஒன்னுக்காவே போயிருச்சு. இப்ப எடை முப்பத்தெட்டு. மெட்டி தானாவே கழண்டு கட்டிலுக்கு அடியில விழுந்து கெடந்துச்சாம், பொன்மணி எடுத்து முடிஞ்சு வச்சிருக்கா. புது ஜாக்கெட்ட இனி யாரு போட? அவதான் பிடிச்சுத் தச்சுப் போட்டுக்கணும்.

நீ எங் காலப் பிடிச்சுக்கிட்டு, ‘எடை கூடினா எழுதுன்னு எழுதினேனே, வெரசாக் கூடினா அது நீருன்னு எழுதாம விட்டுட்டேனே’ன்னு அழுத. நாலு வாரத்துல ஓடி வராம இருந்திருந்தா, பன்னெண்டாம் வாரம் எல்லாச் சீக்காளிக்கும் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லியிருப்பாகன்னு சொன்ன. ஓடி வந்தவ நான்தான். மாத்திரைய விட்டவளும் நான்தான். ஆனா ஒன்னைய விட்டுட்டுப் பேச மாட்டேன், ஒனக்கும் பங்கு இருக்கு.

இனி வைத்தியம் பாக்க ஒன்னும் இல்லை, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு ஒம் மச்சான்கிட்டச் சொல்லிட்டாக. சனிக்கெழமை வீட்டுக்குப் போறோம். நான் தூங்குறேன்னு நெனச்சுப் பேசினாக. எம்புட்டு நாளுன்னு ஒங்கிட்ட நான் கேட்டதுக்கு அவுகளே பதிலச் சொல்லிட்டாக.

அதனால அத இனி கேக்கலை. வேற ஒன்னு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் எழுது. உடம்பு போட்டதுன்னு நெனச்சது நீரு. மினுமினுப்பு நீரு. கணுக்காலு நீரு. ஊருணி வரைக்கும் வஞ்சுக்கிட்டே நடந்தேனே, அது? அதுவும் நீருதானா? ராப்பகலா அதையேதான் நெனைக்கேன். ஒரு நாளாச்சும் எனக்கு நெசமாத் தேறுச்சா, இல்லையா?

ஊருக்குப் போனதும் அந்தத் தபால்காரரு முத்துராமலிங்கத்துக்கிட்டச் சொல்லணும். அது தெரிஞ்சவரு இல்லய்யா, எந் தம்பின்னு. அவரு பாட்டுக்கு எதையாச்சும் நெனச்சுக்கிட்டு இருப்பாரு.

அக்கா


கோயம்புத்தூர்
10.11.2003

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. வாசித்து முடித்தவுடன் எழுதுகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

நடந்தது நிசம்.

கூடின எடைதான் நீர். நடை நீர் இல்லை. நீ ஊருணிக்கு நடந்தது ஆகஸ்டில். நாற்பது கிலோ இருந்தாய். மாத்திரையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தாய். நீர் சேரத் தொடங்கியது செப்டம்பர் பாதிக்கு மேல், மாத்திரையை நிறுத்திய பிறகு. என்னிடம் அத்தாட்சியும் இருக்கிறது. ஜூனில் நீ வந்த முதல் நாள் ரப்பர் மூடி மாட்டி எடுத்த, உன் உடம்பு வாங்கும் காற்றின் அளவு பத்து புள்ளி எட்டு. நீ கோபித்துக்கொண்டு போன அந்த வெள்ளிக்கிழமை, அட்டையை எடுத்து வாசிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தது பன்னிரண்டு புள்ளி ஆறு. நாலே வாரத்தில். அந்த மிஷினுக்கு நீ யார் என்று தெரியாது, உன்னைச் சந்தோஷப்படுத்த வேண்டிய அவசியமும் அதற்குக் கிடையாது. உன் கால் தேறியது, அக்கா. உன் இருதயம் அப்படியே இருக்கும்போதே தேறியது.

எம்புட்டு நாளு என்று நீ கேட்டபோது எனக்குப் பதில் தெரியும். இப்படி ஒரு இருதயத்தோடு இரண்டு வருடம் தாண்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை எழுதக் கை வரவில்லை. அந்த இடத்தில் எதையாவது நல்லதாக எழுத வேண்டுமே என்றுதான் உடம்பு போடும் என்று எழுதினேன். உனக்குப் பதில் சொல்லப் பயந்து எழுதிய வரி அது. அந்த ஒரு வரியை நீ நம்பினாய்.

இன்னொரு செய்தி. இங்கே வந்ததும் பெரிய டாக்டரிடம் போய் அந்த அட்டையைக் கேட்டு வாங்கினேன். ‘தெரிந்தவர்’ என்பதை அடித்துவிட்டு ‘அக்கா’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாசித்தார். பிறகு விதிப்படி உன் பெயரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். உன்னுடைய எந்த அளவும் இனிக் கணக்கில் வராது. என்னை வேலையிலிருந்து நிறுத்துவதா என்று அடுத்த வாரம் சொல்வார்களாம். அட்டையை அவர்கள் வாங்கிப் பூட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு அளவையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

பிரீத்திகாவிடமும் சொல்லிவிட்டேன். அழுதாள், கத்தினாள். இன்று உன் கடிதங்களையெல்லாம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, ‘நீர் மாத்திரை போட்டால் பாவம், கக்கூஸுக்கு ரெண்டு ஷெட்டு தாண்டியா போகணும்’ என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்புகிறோம். சனிக்கிழமை காலை அங்கே இருப்போம். அதுவரை பேசாமல் படுத்திரு. கொடத்தைத் தொடாதே. என்னை வைய வேண்டியதையெல்லாம் சேர்த்து வை, நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

தபால்காரரிடம் நீயே சொல்லு. நான் வருவதற்குள் சொல்லிவிடு.

தம்பி


மேற்படி கடிதத்தின் உறையில், சிவப்பு மையில்:

விலாசதாரர் திருமதி இருளம்மாள் 11ஆம் தேதி காலை காலமாகிவிட்டார். வீட்டார் காரியமாக இருக்கன்குடி ஆற்றுக்குச் சென்றுள்ளனர், வீடு பூட்டியுள்ளது. அனுப்பியவர் சொந்தம் அல்ல, தெரிந்தவர் மட்டுமே என விலாசதாரர் முன்பு கூறியுள்ளதால் வீட்டாருக்காக வைத்திருக்காமல் அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.

முத்துராமலிங்கம்
தபால்காரர்
13.11.2003